பறக்கும் கண்ணும் பாராமுகமும்

2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த நான்கு நாள் மோதலுக்குப் பிறகு, தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு கருத்து மறுபேச்சில்லாமல் நிலைத்துவிட்டது. இனி எல்லையை ட்ரோன் காக்கும். ஜவான் பாலைவனத்தில் வேகவும் வேண்டாம், பனியில் விறைக்கவும் வேண்டாம். வேண்டியதெல்லாம் பணமும், குளிரூட்டிய அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நாலு பேரும்தான். ஓய்வுபெற்ற அதிகாரி இதைச் சொல்கிறார், ட்ரோன் கம்பெனிக்காரர் தலையாட்டுகிறார், நெறியாளர் விளம்பர இடைவேளைக்குப் போகிறார். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இதில் மட்டும் சண்டை கிடையாது. இன்னும் ஏன் வாங்கவில்லை என்பது ஒருவர் கேள்வி. வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது மற்றவர் பதில்.

இதை மறுக்கத்தான் இந்தக் கட்டுரை. ட்ரோனே உதவாது என்று நான் சொல்லவரவில்லை. எல்லையில் ஓட்டை விழுவது பார்க்கக் கண் போதாததால்தான் என்ற அனுமானத்தின் மேல் இந்தக் கருத்து முழுவதும் நிற்கிறது. அந்த அனுமானம் தப்பு. கடந்த கால் நூற்றாண்டில் எல்லைகள் பிளந்துபோன பெரிய சம்பவங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார், சொல்லியும் இருக்கிறார். சொன்னதை நம்ப ஆளில்லை. நம்பியபோது போய்ச்சேர நேரமில்லை.

அந்த மே மாதத்தையே எடுத்துக்கொள்வோம். 8-ஆம் தேதி இரவு 300 முதல் 400 ட்ரோன்கள் 36 இடங்களில் ஊடுருவ முயன்றதாக அரசே அறிவித்தது. அவற்றை எதிர்கொண்டவற்றில் எல்-70 பீரங்கிகளும், இசட்யு-23 இரட்டைக்குழல் துப்பாக்கிகளும், ஷில்கா வண்டிகளும் உண்டு. அவற்றை இயக்கிய வீரர்களைவிட வயதில் மூத்த ஆயுதங்கள் அவை. புதிய ரேடாரும் குறிபார்க்கும் கருவிகளும் பொருத்தியிருந்தார்கள் என்பது உண்மைதான்; ஆனால் பக்கத்தில் ஆள் நின்றுதான் சுட வேண்டியிருந்தது. அந்த இரவிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடமோ, மேலும் ட்ரோன் வாங்கு என்பது. எதிரியின் ட்ரோனை நம் ட்ரோன் தடுத்தது போல ஒரு சித்திரம் எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

எல்லைக் காவலுக்கு ட்ரோன் என்பதைப் பெரிய அளவில், பல ஆண்டுகள், பணத்தைக் கொட்டிச் செய்துபார்த்த நாடு அமெரிக்கா. மெக்ஸிகோ எல்லையில் 'பிரிடேட்டர் பி' ரக விமானங்களை அந்நாட்டுச் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அமைப்பு 2005 முதல் பறக்கவிட்டது. எட்டு ஆண்டுகள் ஓடிய பிறகு, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கணக்குக் கேட்டது. 2014 டிசம்பரில் வந்த அந்த அறிக்கையை, ட்ரோன் வாங்கக் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துவிட்டுப் போடலாம்.

தினம் 16 மணி நேர ரோந்துகள் நான்கு, ஆண்டுக்கு 23,296 மணி நேரம் என்பது திட்டம். 2013 நிதியாண்டில் பறந்தது 5,102 மணி நேரம், அதாவது 22 சதவீதம். மிச்ச நேரத்தில் வானிலை சரியில்லை, ஆள் இல்லை, பணம் இல்லை. ஒரு மணி நேரம் பறக்க 2,468 டாலர் ஆகிறது என்று அந்த அமைப்பு சொல்லிவந்தது. விமானியின் சம்பளம், கருவிகள், நிர்வாகச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துத் தணிக்கையாளர்கள் போட்ட கணக்கில் அது 12,255 டாலர் ஆனது. விமானியின் சம்பளத்தைச் சேர்க்காமல் ஆளில்லா விமானம் மலிவு என்று காட்டிய சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பலன் என்ன? அரிசோனாவின் டூசான் பிரிவில் அந்த ஆண்டு பிடிபட்டவர்கள் 1,20,939 பேர். ட்ரோன் உதவியால் பிடிபட்டவர்கள் என்று கணக்கில் வைக்க முடிந்தது 2,272 பேரை. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. டெக்ஸாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பிடிபட்ட 1,54,453 பேரில் ட்ரோன் கணக்கில் வந்தவர்கள் 111. இது ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. சுமார் 3,200 கிலோமீட்டர் எல்லையை வானிலிருந்து காப்பதாகச் சொல்லப்பட்ட திட்டம், நடைமுறையில் அரிசோனாவில் 160 கிலோமீட்டர், டெக்ஸாஸில் 110 கிலோமீட்டர் அளவுக்குத்தான் பெரும்பாலும் பறந்தது. மேலும் விமானங்கள் வாங்க ஒதுக்க நினைத்த 44 கோடி டாலரை வேறு வேலைக்குப் பயன்படுத்த யோசியுங்கள் என்று அறிக்கை முடிந்தது.

பிடிபட்டவர்களை மட்டும் வைத்து எடைபோடலாமா, வானில் கண் இருக்கிறது என்ற பயத்திலேயே வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் வராமல் போனவரை எண்ணிக் காட்டும் பொறுப்பு வாங்கச் சொல்பவருடையது. எட்டு ஆண்டுகளில் அந்த அமைப்பு தன் வெற்றியை அளக்க ஓர் அளவுகோல்கூட உருவாக்கவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதே எல்லையில் இதற்கு முன்பே ஒரு கூத்து நடந்திருந்தது. கோபுரம், கேமரா, சென்சார் எல்லாவற்றையும் இணைத்து 'மெய்நிகர் வேலி' போடுவதாக 2006-ல் போயிங் நிறுவனத்திடம் ஒப்பந்தம் போனது. சுமார் 100 கோடி டாலர் செலவழித்து, 53 மைல் தூரத்தை முடித்தபின், 2011 ஜனவரியில் அந்தத் திட்டத்தை மூடினார்கள்.

சரி, அது பழங்கதை, இன்றைய செயற்கை நுண்ணறிவு வேறு, இப்போது கேமராவே மனிதனையும் மாட்டையும் பிரித்தறியும் என்பது அடுத்த வாதம். அப்படியானால் பழங்கதையை விட்டுவிட்டு 2023-க்கு வருவோம். உலகத்திலேயே மிக நவீனமானது என்று பெயர் வாங்கிய எல்லை ஒன்று இருந்தது. காசாவைச் சுற்றி 65 கிலோமீட்டர். தரைக்கு அடியில் சென்சார் பதித்த கான்கிரீட் சுவர், மேலே எஃகு வேலி, கேமராக்கள், ரேடார், தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரத் துப்பாக்கிகள், மேலே எப்போதும் ட்ரோன்கள். 2021 டிசம்பரில் நூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்து முடித்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று இஸ்ரேல் அரசு அறிவித்தது. இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அக்டோபர் 7 காலையில் ஹமாஸ் கடையில் வாங்கும் வகைச் சிறு ட்ரோன்களை அனுப்பி, கண்காணிப்புக் கோபுரங்களின் தலையில் குண்டு போட்டது. கேமரா குருடானது, தொலைத்தொடர்பு அறுந்தது, தானியங்கித் துப்பாக்கி ஊமையானது. பிறகு புல்டோசரைக் கொண்டுவந்து வேலியைத் தள்ளினார்கள். அன்று சுமார் 1,200 பேர் செத்தார்கள்.

இதில் ட்ரோன் ஆதரவாளர்கள் பேசாமல் தாண்டிவிடும் பகுதி ஒன்று உண்டு. நாஹல் ஓஸ் தளத்தில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து காசாவைக் கண்காணித்தவர்கள் இளம் பெண் வீரர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பயிற்சி எடுப்பதையும், வேலியருகே வந்து நோட்டம் பார்ப்பதையும், நடமாட்டம் வழக்கத்தை மீறுவதையும் அவர்கள் மாதக்கணக்கில் பார்த்தார்கள். மேலே சொன்னார்கள். மேலே இருந்தவர்களுக்கு ஹமாஸ் அடங்கிக் கிடக்கிறது என்ற முடிவு ஏற்கெனவே இருந்தது. அந்த முடிவுக்கு ஒத்துவராத தகவல் காதில் ஏறவில்லை. தாக்குதல் நாளில் அந்தத் தளத்தில் மட்டும் 50-க்கும் மேற்பட்ட படையினர் கொல்லப்பட்டார்கள். திரை பார்த்த அந்தப் பெண்கள் பலர் அதில் அடக்கம். கேமரா தன் வேலையைக் குறைவறச் செய்த இடம் அது. இன்னும் பத்து ட்ரோன் கூடுதலாகப் பறந்திருந்தால், கேட்காத காதுக்கு இன்னும் பத்துப் படங்கள் போயிருக்கும், அவ்வளவுதான்.

நம் எல்லைக்கு வருவோம். பஞ்சாபில் பாகிஸ்தானோடு நமக்கு 553 கிலோமீட்டர் எல்லை. 2019 செப்டம்பரில் தரன் தாரன் மாவட்டத்தில், ட்ரோன் கொண்டுவந்து இறக்கிய துப்பாக்கிகளைப் போலீசார் கைப்பற்றியபோதுதான் நாட்டுக்கு விஷயம் உறைத்தது. அதன் பிறகு அது அன்றாடமாகிவிட்டது. பஞ்சாப் எல்லையில் எல்லைப் பாதுகாப்புப் படை கைப்பற்றிய ட்ரோன்கள் 2023-ல் 107, 2024-ல் 294. பெரும்பாலானவை யாரும் கடையில் வாங்கக்கூடிய சீனத் தயாரிப்பான டிஜேஐ மாவிக் வகை. மஞ்சள் டேப் சுற்றிய அரை கிலோ ஹெராயின் பொட்டலம், மாட்டித் தொங்கவிட ஒரு கொக்கி, இருட்டில் கண்டெடுக்க ஒளிரும் பட்டை. இரவில் வருகிறது, கோதுமை வயலில் போடுகிறது, போய்விடுகிறது. பிடிபட்டாலும் கடத்தல்காரனுக்கு நஷ்டம் ட்ரோனும் பொட்டலமும்தான், ஆள் மாட்டுவதில்லை.

எல்லையில் ட்ரோன் யாருக்குச் சாதகம் என்ற கேள்விக்குப் பஞ்சாபின் வயல்களே பதில் சொல்கின்றன. கடத்துகிறவனுக்கு ஓரிடம், ஒரு நிமிடம் போதும். காவல்காரனுக்கு 553 கிலோமீட்டரும் வேண்டும், வருடத்தின் எல்லா இரவும் வேண்டும். ஒரே கருவி இருவர் கைக்கும் வரும்போது லாபம் எப்போதும் முதலாமவனுக்குத்தான். கருவி மலிவாக மலிவாக அந்த லாபம் கூடும், குறையாது. நாமும் ட்ரோன் வைத்துக்கொண்டால் சரிசமமாகிவிடும் என்பது பேரப்பேச்சுக்கு நன்றாக இருக்கும், நடக்காது.

அந்த 294 ட்ரோன்கள் எப்படிக் கிடைத்தன என்பதைப் படையின் செய்திக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்தாலே தெரிந்துவிடும். இருட்டில் 'ஙொய்' என்ற இரைச்சல் ஜவானின் காதில் விழுகிறது; சத்தம் வந்த திசையில் சுடுகிறார்கள்; மின்னணுத் தடுப்புக் கருவி இருக்கும் இடத்தில் அதை இயக்குகிறார்கள்; விடிந்ததும் பஞ்சாப் போலீசோடு சேர்ந்து வயல் வயலாகத் தேடுகிறார்கள். பல சமயம் துப்புக் கொடுப்பது உளவுப் பிரிவும் ஊர்க்காரர்களும். விவசாயி அறுவடைக்குப் போன இடத்தில் பொட்டலத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்த விவசாயியின் நிலைமையையும் பார்க்க வேண்டும். எல்லை வேலி எல்லைக்கோட்டில் இல்லை. நம் பக்கம் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. வேலிக்கு அப்பால் அவருடைய சொந்த நிலம். அடையாள அட்டையைக் காட்டி, கதவு திறக்கும் நேரத்தில் போய், மூடும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும். உயரமாக வளரும் பயிருக்குக் கட்டுப்பாடு. போகும்போது ஒரு சோதனை, வரும்போது ஒரு சோதனை. எல்லையில் இவரைவிடக் கூர்மையான கண் கிடையாது. எந்த வரப்பில் நேற்று இல்லாத கால்தடம் இன்று இருக்கிறது என்று இவருக்குத் தெரியும். இவரைச் சந்தேகத்துக்குரியவராக நடத்திவிட்டு, இவர் தலைக்கு மேலே கேமராவைப் பறக்கவிடுவதைத்தான் பாதுகாப்பு என்கிறோம். வேலிக்கு அப்பாலுள்ள நிலத்துக்கான இழப்பீட்டுக்காக இவர்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தத் தொகையையும் ட்ரோனுக்கு ஒதுக்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்காவது மனம் வருமா?

இன்னொன்று. ஹெராயின் நாட்டுக்குள் வருவது வயல் வழியாக மட்டுமில்லை. 2019 ஜூனில் அட்டாரி சோதனைச் சாவடியில் இந்துப்பு மூட்டைகளுக்குள் மறைத்துவைத்த 532 கிலோ ஹெராயினைச் சுங்கத் துறை பிடித்தது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்களில் 2,988 கிலோ. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரான் வழியாக 'டால்க் கற்கள்' என்ற பெயரில், விஜயவாடா முகவரிக்கு, முறையான காகிதங்களோடு வந்தது. இறக்குமதி செய்ததாக ஒரு தம்பதி சென்னையில் கைதானார்கள். அரை கிலோ பொட்டலமாக இதை ட்ரோனில் அனுப்ப வேண்டுமானால் ஏறத்தாழ 6,000 முறை பறக்க வேண்டும். ஒரே கப்பலில் வந்துவிட்டது. பிடித்தது வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தின் துப்பு. வானத்துக் கண் இல்லை. எல்லைப் பாதுகாப்பு என்றால் வேலியும் வானமும்தான் என்று நினைக்கும் புத்திக்கு, கன்டெய்னரைத் திறந்து பார்க்கும் குமாஸ்தாவும் எல்லைக் காவலர்தான் என்பது உறைப்பதில்லை. அவரைப் பற்றி விவாத நிகழ்ச்சி வைத்தால் யார் பார்ப்பார்கள்?

தரைக்கு மேலே இப்படி. தரைக்குக் கீழே? ஜம்முவின் சம்பா, கதுவா மாவட்டங்களில் 2020-லிருந்து அடுத்தடுத்துச் சுரங்கங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2020 நவம்பரில் நக்ரோட்டா அருகே லாரியில் வந்த நான்கு பயங்கரவாதிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்கள் எப்படி வந்தார்கள் என்று தடம் பிடித்துப் பின்னோக்கிப் போன படையினர், சில நாட்களில் சம்பாவில் சுரங்கத்தின் வாயைக் கண்டார்கள். கால்நடையாகத் தேடிக் கண்டது. மின்னணுக் கண்காணிப்புத் திட்டத்தின் முன்னோடிப் பகுதிகள் ஜம்மு எல்லையில் 2018 செப்டம்பரிலேயே தொடங்கி வைக்கப்பட்டிருந்தன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் திட்டத்துக்கு வேகம் கொடுத்ததே பதான்கோட் விமானத் தளத் தாக்குதல். அங்கே நடந்தது என்ன? 2015 டிசம்பர் 31 இரவு பயங்கரவாதிகள் ஒரு காவல்துறை அதிகாரியின் வண்டியையே கடத்தினார்கள். தப்பிவந்த அவர் போலீசுக்குத் தகவல் சொன்னார். அவருடைய பேச்சை நம்பலாமா கூடாதா என்று மணிக்கணக்கில் போனது. ஜனவரி 2 அதிகாலையில் தாக்குதல் தொடங்கியது. ஏழு படையினர் இறந்தார்கள். ஒரு நாளுக்கு மேல் கையில் இருந்தது. கண்ணால் கண்ட சாட்சி, அதிலும் போலீஸ் அதிகாரி, நேரில் வந்து சொன்ன செய்தி. இதற்கு மருந்தாக நாம் எழுதிக்கொடுத்தது: இன்னும் கேமரா.

கார்கிலைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். கார்கில் மறுஆய்வுக் குழுவே ஆளில்லா விமானங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்ததே, அதன் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியமாயிற்றே, அவரைவிடவா உமக்குத் தெரியும் என்பார்கள். பரிந்துரைத்தது உண்மை. உயர்ந்த மலைச் சிகரங்களில் ஆண்டு முழுவதும் ஆளை நிறுத்த முடியாது, அங்கே வானிலிருந்து பார்ப்பது தேவை என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. 1999-க்கு முந்தைய குளிர்காலத்திலும் ஹெலிகாப்டர் கண்காணிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. பறந்தார்கள், பார்த்தார்கள், ஊடுருவியவர்கள் கண்ணில் படவில்லை. மே 3 அன்று கண்ணில் பட்டது, பட்டாலிக் பகுதியில் காணாமல்போன தன் யாக்கைத் தேடிக்கொண்டு மலையேறிய தாஷி நம்கியால் என்ற மேய்ப்பருக்கு. அவர் ஓடிவந்து ராணுவத்திடம் சொன்னார். ராணுவம் கேட்டது, ரோந்து அனுப்பியது. அந்த மலையில் யாக் தேடும் மனிதர்கள் இருந்தார்கள், அவர்கள் ராணுவத்தைத் தம்முடையது என்று நினைத்தார்கள், ராணுவம் அவர்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தது. இந்த மூன்றையும் எந்த டெண்டரிலும் வாங்க முடியாது. தாஷி நம்கியால் 2024 டிசம்பரில் இறந்தார்.

விலையைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் 2020 நவம்பரிலிருந்து இரண்டு எம்க்யூ-9பி ஆளில்லா விமானங்கள் குத்தகைக்கு எடுக்கப்பட்டுப் பறந்தன. 2024 செப்டம்பர் 18 அன்று அதில் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது, மூழ்கியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 15 அன்று அதே ரகத்தில் 31 விமானங்கள் வாங்க, சுமார் 32,000 கோடி ரூபாய்க்கு, அமெரிக்காவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. இயந்திரம் என்றால் பழுதாகும், அதைக் குற்றம் சொல்லவில்லை. பரந்த கடலைக் கண்காணிக்க இவை பொருத்தம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே வயலும் வரப்பும் சுரங்கமும் கிடையாது, பகல் முழுவதும் பறந்தாலும் பார்க்க வேண்டியது தண்ணீரும் கப்பலும்தான். ஆனால் 31-ல் கடற்படைக்குப் 15 போக, மீதி 16 தரைப்படைக்கும் விமானப்படைக்கும். அந்தப் பக்கம் ஏவுகணை உள்ள நாடுகள். ஏமனின் ஹூதிகள் 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆறு வாரத்துக்குள் அமெரிக்காவின் எம்க்யூ-9 விமானங்கள் ஏழைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஹூதிகளால் முடிந்தது சீனாவால் முடியாதா?

வீரர்களின் உயிர் மிச்சமாகுமே என்ற வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன், ஏனென்றால் இதுவே இதில் நேர்மையானது. சியாச்சினில் பனிச்சரிவில் சாகும் பிள்ளைகள் நம் ஊர்களிலிருந்தும் போனவர்கள். உயரமான நிலைகளுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோக, சரிவில் புதைந்தவரைத் தேட, ரோந்துக் குழுவின் கையில் அடுத்த மேட்டுக்கு அப்பால் எட்டிப் பார்க்க ஒரு சிறு ட்ரோன், இதெல்லாம் வேண்டும். நாளைக்கே வேண்டும். ஆனால் விவாதத்தில் விற்கப்படுவது இது இல்லை. ஆளைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் ட்ரோனை வைப்பது விற்கப்படுகிறது. தெருமுனையில் சிசிடிவி இருக்கிறது என்று பீட் போலீஸை நிறுத்திவிட்டால், திருட்டு நடந்தபின் திருடன் முகம் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். மத்தியதரைக் கடலில் ஐரோப்பிய ஒன்றியம் இதைச் செய்து காட்டியது. 2019-ல் 'ஆபரேஷன் சோஃபியா' என்ற தன் கடற்படை நடவடிக்கையின் கப்பல்களை விலக்கிக்கொண்டு, வானிலிருந்து மட்டும் பார்ப்போம் என்றது. 2021-லிருந்து மால்டாவில் ஹெரான் ட்ரோன் வேறு. அகதிகளின் ரப்பர் படகு கவிழ்வதை அதன் கேமரா துல்லியமாகக் காட்டும். கயிறு வீச அங்கே யாரும் இல்லை.

கடைசியாக, எல்லைக்கென்று வாங்கிய ட்ரோன் எல்லையோடு நிற்காது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 2011-ல், வழிதவறிவந்த ஆறு மாடுகள் யாருக்கு என்ற தகராறில் ஒரு பண்ணைக் குடும்பத்தை வேவு பார்க்க எல்லைக் காவல் பிரிடேட்டரை வரவழைத்தார்கள். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலையை எதிர்த்து மின்னியாபோலிஸ் நகரம் தெருவில் இறங்கியபோது, எல்லையிலிருந்து வெகுதொலைவில் இருந்த அந்த நகரத்தின் மேலும் எல்லைக் காவல் ட்ரோன் வட்டமடித்தது. நாமும் பின்தங்கவில்லை. 2024 பிப்ரவரியில் டெல்லிக்குப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகளின் மேல், ஷம்புவில் ஹரியானா போலீஸ் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. இரு மாநிலங்களுக்கு நடுவிலுள்ள கோடு அது, நாட்டின் எல்லை அல்ல. விவசாயிகள் பட்டம் விட்டு, நூலைச் சிக்கவைத்து ட்ரோனை இறக்கப் பார்த்தார்கள். தங்கள் பகுதிக்குள் ட்ரோன் வரக்கூடாது என்று பஞ்சாப் தரப்பு ஆட்சேபித்தது. அன்று அந்தத் தொழில்நுட்பம் எந்த எதிரியிடமிருந்து எந்த நாட்டைக் காத்தது?

ஆகவே, அடுத்த ட்ரோன் ஒப்பந்தத்தை அமைச்சரவை ஏற்கும் முன் சில கணக்குகளை நாடாளுமன்றம் கேட்டு வாங்கலாம். இதுவரை வாங்கியவை ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறந்தன? திட்டமிட்டது எத்தனை? எத்தனை விழுந்தன? விமானி, தொழில்நுட்பர், உதிரிபாகம் எல்லாம் சேர்த்து மணிக்கு என்ன செலவு? ட்ரோன் பார்த்துச் சொன்னதால் பிடிபட்ட ஊடுருவல் எத்தனை, விவசாயியோ மேய்ப்பரோ சொன்னதால் பிடிபட்டது எத்தனை? அவர்கள் சொன்ன எத்தனை தகவல்களுக்குப் பிறகு ரோந்து கிளம்பியது, எத்தனை நிமிடத்தில்? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இந்தக் கேள்விகளை வைத்து எல்லைப் பாதுகாப்புப் படைக்கு ஒரு தணிக்கை நடத்தட்டும். அமெரிக்காவில் எட்டு ஆண்டு கழித்துக் கேட்டார்கள். நாம் கையெழுத்துக்கு முன்பே கேட்கலாம். அதுவரை, வேலிக்கு அப்பால் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை ஒழுங்காக, ஆண்டுதோறும், தாமதமில்லாமல் கொடுத்துவிட ஒரு டெண்டரும் வேண்டியதில்லை.